எதிர்ப்பு: ஒன்று

மதிய இடைவேளை மணி அடித்ததும் தெய்வசிகாமணி கறுப்புக் கோட்டைக் கழற்றி, உட்புறம் வெளியே வருமாறு மடித்து, நாற்காலியில் மெத்தையாகப் போட்டுக்கொண்டு எழுத உட்காருகிறார். கள்ளக்குறிச்சி நீதிமன்றத்தின் பின்பக்க வராந்தாவில், சன்னலை ஒட்டி அவருடைய இடம். எழுதி முடித்த பிறகுதான் சாப்பாடு. அதற்குள் தயிர்சாதம் புளித்துவிடும். புளித்தால்தான் தனக்குப் பிடிக்கும் என்கிறார்.

எழுதுவது கம்பெனிச் சட்டம். இந்தக் கோர்ட்டுக்குக் கம்பெனி வழக்கு எதுவும் வருவதில்லை. வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும் கிணற்றுப் பங்கும்தான் வரும். அவர் பிழைப்பும் அவற்றில்தான். ஆனாலும் பங்குதாரர் கூட்டம் எப்படி நடக்கவேண்டும், இயக்குநர்கள் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள், சிறிய பங்குக்காரனைப் பெரியவன் நெருக்கினால் என்ன வழி என்றெல்லாம் பல வருடங்களாக எழுதிவருகிறார். சென்னையிலிருந்து வரும் சட்ட மாத இதழ் ஒன்று அவற்றை அச்சிட்டிருக்கிறது.

கிணற்றுப் பங்கு புரிந்தவனுக்குக் கம்பெனிப் பங்கு புரியும் என்பது அவர் கட்சி. "நாலு பேரு சேந்து கெணறு வெட்றாங்க. ஒர்த்தன் மட்டும் மோட்டார் ரூம் சாவிய இடுப்புல சொருவிக்கினு சுத்துறான். அவந்தான் டைரக்டரு. சாவிய எப்பிடி வாங்குறதுன்னு சொல்றதுதான் சட்டம்."

வாசலில் டீக்கடை வைத்திருக்கும் கொளஞ்சியம்மாள் தம்ளரைக் கொண்டுவந்து வைக்கும்போது சும்மா போகமாட்டாள். "இன்னா வக்கீலய்யா, இன்னிக்கி எந்தக் கம்பெனிய தூக்கி நிமுத்துனீங்க?"

"உன் கடையத்தான். நீயே சேர்மன், நீயே பியூன். ஊழலே இல்லாத கம்பெனி."

"பால்ல தண்ணி ஊத்துறப்ப நீங்க பாக்கலபோல."

மூன்று வருடத்துக்கு முன்பு வரை இதற்கு இருவரும் சிரிப்பார்கள். இப்போது அவள் மட்டும் சிரிக்கிறாள்.

அவர் எழுத்தைத் தேடி ஒரே ஒரு கம்பெனி விவகாரம்தான் வந்தது. கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு மரவள்ளி மாவு ஆலை. மலைக்காரர்களிடம் கிழங்கு வாங்கும்போதெல்லாம் விலையில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு பங்குப் பத்திரமாகக் கொடுத்திருந்தார்கள். அந்த ஆலையையும் நிலத்தையும் இயக்குநர் ஒருவரின் மைத்துனருக்கு விற்றுவிட, அந்த வருடம் செப்டம்பர் மாதப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் வைக்கப்போவதாகத் தகவல் வந்தது. ஒரு மலையூரின் மூப்பர் தர்மன், இறங்கிவந்து இவரைப் பிடித்தார். விற்றுவிட்டால் பத்திரம் வெறும் காகிதம். கிழங்கையும் இனி அவர்கள் சொல்லும் விலைக்கே தள்ளவேண்டும்.

தெய்வசிகாமணி மலைக்குப் போனார். கூட்டத்தில் முதலில் கைகளைத்தான் எண்ணுவார்கள், ஆளுக்கு ஒரு கை, எத்தனை பங்கு இருந்தாலும் ஒன்றுதான் என்று பொறுமையாக விளக்கினார். "வேணாம்னு நெனைக்கிறவங்க கையத் தூக்கணும். அவ்ளோதான்."

"ஊரே வேணான்னுதான் சொல்லுதுங்க" என்றார் தர்மன்.

"அப்ப தூக்குங்க. ஜெயிச்சிட்டோம்."

எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால், பங்குகளை எண்ணும் வாக்கெடுப்பு கேட்கலாம் என்பதையும் சொல்லியிருக்கலாம். அன்று கூட்டத்துக்கு வந்தவர்களைப் பார்த்தால், பங்கிலும் மலைக்காரர்களுக்கே பெரும்பான்மை. ஆனால் இத்தனை தலைகள் இருக்கும்போது அது எதற்கு என்று விட்டுவிட்டார்.

கூட்டம் நடந்தது சாலை மறியல் வாரத்தில். இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. சமவெளிப் பங்குதாரர்கள் யாரும் வரவில்லை. பலர் மறியலில் உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர்கள் முன்னதாகவே வந்து ஆலையில் தங்கியிருந்தார்கள். ஐந்து பேர் இருந்தாலே கூட்டம் செல்லும் என்று அவர்களுக்குத் தெரியும். சங்கராபுரத்திலிருந்து நடந்துவந்த தெய்வசிகாமணியை மறியல்காரர் ஒருவர் நிறுத்தினார். "எங்க போராட்டத்தவுட உன் மீட்டிங்கு பெருசாய்யா?" சாய்ந்த மரத்தின்மேல் ஏறி இறங்கிப் போய்ச் சேர்ந்தார். அவர் பங்குதாரர் அல்லாததால் உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே மதகில் உட்கார்ந்துகொண்டார்.

தர்மனின் ஊர்க்காரர்கள் மலையிலிருந்து காட்டுவழியாக நடந்தே வந்திருந்தார்கள். கூடம் நிறைய அவர்கள்தான். தீர்மானத்துக்கு ஆதரவாக இயக்குநர்களின் ஆட்கள் ஒரு வரிசை கை தூக்கினார்கள். எதிர்ப்பவர்கள் தூக்கலாம் என்றார் தலைவர். தர்மன் எழுந்து நின்று கையை உயர்த்தினார். மற்றவர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். மூப்பர் ஊர் வாக்கைச் சொல்லும்போது வேறு யாரும் கை தூக்குவது, அவர் வாக்கின்மேல் நம்பிக்கை இல்லை என்று சபையில் சொல்வதாகும். அந்த ஊரில் அப்படி ஒருவரும் செய்ததில்லை.

தலைவர் அறிவித்தார்: எதிர்ப்பு, ஒன்று.

வெளியே வந்த தர்மனின் முகத்தில் மகிழ்ச்சி இருந்தது. "தூக்கிட்டேன் அய்யா. நான் தூக்குனா ஊரு தூக்குன மாதிரிதானுங்களே?"

உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கம்பெனித் தரப்பின் மூத்த வக்கீல் ஒரு கட்டுரையை எடுத்துப் படித்தார். கையை எண்ணிய தலைவரின் அறிவிப்பே முடிவான சான்று, அதைப் பிறகு கிளறினால் எந்தக் கூட்டமும் முடியாது என்று வாதிட்ட கட்டுரை. எழுதியவர் கள்ளக்குறிச்சி தெய்வசிகாமணி. கட்டுரை தெளிவாக இருப்பதாக நீதிபதி பாராட்டினார். சென்ற மாதம் மனு தள்ளுபடியானது.

இன்னும் எழுதுகிறார். இரண்டு வரி எழுதுவார், அடிப்பார், அதே இரண்டு வரியை மறுபடி எழுதுவார். "சட்டத்துல தப்பு கெடையாது. நான் எழுதுனதுலயும் தப்பு கெடையாது. இத எங்க போயி சொல்றது?" என்று கேட்கிறார்.

சென்ற வாரம் தர்மன் வந்திருந்தார். கூட வெள்ளச்சி, முனியன் என்று கிழங்கு போடுகிற இரண்டு பேர். வராந்தாப் படிக்குக் கீழே நின்றார்கள்.

"கோர்ட்டுல இன்னா சொன்னாங்க அய்யா?"

"கூட்டம் சரியாத்தான் நடந்துச்சாம், மூப்பரே."

தர்மன் சற்று யோசித்தார். "அப்ப இன்னொரு கூட்டம் வெக்கச் சொல்லுங்க. ஊருல பேசி முடிச்சிட்டோம். இந்த வாட்டி எல்லாரும் தூக்குவாங்க. நானே உத்தரவு குட்த்துட்டேன்."

"அங்க இனிமே கூட்டம் கெடையாதுங்க. மிஷினக்கூட கழட்டிக்கினு பூட்டாங்க."

"நம்பலியா நீங்க?" தர்மன் திரும்பி மற்ற இருவரையும் பார்த்துவிட்டுத் தன் கையை உயர்த்தினார். முனியன் தூக்கினார். வெள்ளச்சி மூப்பரின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடியே கையைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

தெய்வசிகாமணி பேனாவை வைத்துவிட்டுப் படியிறங்கினார். தர்மனின் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார்.