வெற்றுத்தாளில் ஒரு பெருவிரல்

அந்தப் பொய்யை எழுதியவன் நான். அப்போது சங்கரன்கோவிலில் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தேன்.

"எனக்கு இரைப்பு உண்டே, அண்ணாச்சி" என்றார் மேலநீலிதநல்லூர் சம்சாரி ஒருவர்.

"என்ன எழுதணும்னு நான் பாத்துக்கிடுதேன். பெருவிரலை வையும்வே!"

நிரப்பாத பாலிசி பாரத்தில் ரேகை வாங்கி, பிறகு 'நோய் எதுவும் இல்லை' என்று எழுதினேன்.

இரைப்பிலேயே அவர் செத்தார். நோயை மறைத்துவிட்டார் என்று கம்பெனி கையை விரித்தது. அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தாள்.

"அவரு சொல்லத்தான செஞ்சாரு? எழுதுனது நீருன்னு கம்பெனிக்குச் சொல்லும்."

"ஏட்டி, ரேகை ஒம் புருசனோடது. போ!"

அவள் போகவில்லை. மேசையிலிருந்த மைப்பெட்டியைத் திறந்து, ஒரு வெற்றுத்தாளை என் முன்னால் போட்டாள்.

"பெருவிரலை வையும், அண்ணாச்சி. என்ன எழுதணும்னு நான் பாத்துக்கிடுதேன்."

இதை எழுதுகிற இதே கைதான், அன்று சட்டென்று என் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.