கரை ஏறும்போது இறங்கியவர்கள்

மலையில் பாரம் ஏற்றுவதற்காகப் பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டைகள் கூடுதலாகச் சேர்த்த வண்டி அது. நான்கு சக்கரமும் இழுக்கும் டீசல் பிக்கப். ஏதோ ஓர் அரசுத் துறை கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்து, கள்ளக்குறிச்சியில் கடுக்காய், புளி மண்டி வைத்திருந்த ஒருவர் தானே ஓட்டிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் அவர் பாய். வெள்ளிமலையிலிருந்து மூட்டைகளோடு இறங்கும்போது வண்டி அசையாமல் வரும். காலியாக ஏறும்போது குதிக்கும்.

இடஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் சாலைகளை மறித்துக்கொண்டிருந்த ஆண்டுகள். நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். மறியலின் மூன்றாம் நாள், மலைக்கு மண்ணெண்ணெய் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டு, விடியற்காலையில் பாயின் வண்டியில் ஏறினேன். அந்த நேரத்தில் கச்சிராயபாளையம் சாலை திறந்துதான் இருந்தது. சாலையோரப் புளியமரங்கள் சிலவற்றில் கோடாலி வெட்டு மட்டும் விழுந்திருந்தது.

மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் ஜல்லி பெயர்ந்து கிடந்த இடத்தில் வண்டி நடுங்கியது. அடுத்த நொடி பின் ஆக்சில் சம்மட்டியால் அடிப்பதுபோல மேலும் கீழும் குதித்தது. என் தலை கூரைக் கம்பியில் இடித்தது. பாய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். குதிப்பு நின்றது.

"எறங்கி நடக்கட்டுமா பாய்?"

"எறங்கினா ஜாஸ்தியாக் குதிக்கும் சார். டயர் தரையப் புடிக்குது, பட்டை முறுக்கிக்குது. புடி வுட்டுச்சுனா பட்டை திரும்பி அடிக்குது. பின்னால கனம் இல்லாததாலதான் இந்த ஆட்டம். நீங்க பின்னாடி போய் கதவாண்ட ஒக்காருங்க."

போய் உட்கார்ந்தேன். மெதுவாக, இரைச்சல் ஏறாமல், வண்டி வளைவைக் கடந்தது. "காலை எடுக்கணும், கனம் வெக்கணும். வேற வைத்தியம் கெடையாது" என்று பாய் கத்திச் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். செய்திக்கு உதவாத விஷயங்களையும் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு.

வெள்ளிமலையில் ரேஷன் கடை பூட்டியிருந்தது. பாய் ஆறு மூட்டை கடுக்காயை ஏற்றி முடித்தபோது, உள்ளேயிருந்த ஒரு குக்கிராமத்திலிருந்து கயிற்றுக் கட்டிலில் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். முப்பது வயதுக்குச் சற்று மேலிருக்கும். முந்தின நாள் மாலை கடுக்காய் மரத்திலிருந்து விழுந்தவர். வெளியே காயம் ஏதும் இல்லை. வயிறு மட்டும் பலகைபோல இறுகியிருந்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் வயிற்றில் கைவைத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"உள்ள ரத்தம் கசியுது. இங்க வெச்சுப் பார்க்க முடியாது. சீக்கிரம் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோங்க."

பேருந்து மூன்று நாளாக வரவில்லை. பாய் யோசிக்கவில்லை. மூட்டைகளைத் தானே ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினார். கட்டிலை அப்படியே பின்னால் வைத்தார்கள். விழுந்தவரின் மனைவியும் உறவுக்காரர்கள் ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். நானும் பின்னால் ஏறினேன்.

கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திறந்து கீழே கிடந்த மூட்டைகளைப் பார்த்தார். "கடுக்காய எறக்கிட்டு என்னை ஏத்திக்கினு போறீங்களே பாய். உங்களுக்கு நஷ்டந்தான்."

"நீ பொழைச்சு வந்து இன்னொரு ஆறு மூட்டை பறிச்சுக் குடு" என்றார் பாய்.

"மறுபடியும் மரத்துல ஏறச் சொல்றீங்களா?" என்றார் அவர். உறவுக்காரர்கள் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. அவருடைய கை கணவரின் வயிற்றின்மேல், படாமல், ஒரு விரற்கடை உயரத்தில் இருந்தது.

இறக்கத்தில் வண்டி ஒழுங்காக வந்தது. கச்சிராயபாளையம் தாண்டி, காலையில் வெட்டு விழுந்திருந்த மரங்கள் இப்போது சாலையின் குறுக்கே கிடந்தன. அவற்றுக்கு அப்பால் ஐம்பது அறுபது பேர். கண்ணாடி உடைந்த பேருந்து ஒன்று ஓரமாக நின்றது. பாய் வண்டியைத் தூரத்திலேயே நிறுத்தினார். முந்தின நாள்தான் மண்டிக்கு வந்த லாரி ஒன்றின் கண்ணாடியை உடைத்திருந்தார்கள்.

"போய்க் கேட்டுப் பார்க்கலாமா?" என்றேன்.

"கேட்டுக்கினு நிக்கிற நேரத்துல ஆத்துல எறங்கி ஏறிடலாம் சார்."

கோமுகி ஆற்றில் அன்று தண்ணீர் இல்லை. கரும்பு வண்டிகள் போகும் தடம் ஒன்று ஆற்றில் இறங்கி, எதிர்க்கரையில் ஏறி, மரங்கள் கிடந்த இடத்துக்கு அப்பால் சாலையைத் தொடும். மணலில் சிரமமில்லை. எதிர்க்கரைதான் செங்குத்தாக, சரளையாக இருந்தது. பாய் நான்கு சக்கரத்துக்கும் இழுப்பைக் கொடுத்து ஏற்றினார். பாதிக் கரையில் வண்டி நடுங்கத் தொடங்கியது. பிறகு குதித்தது.

கட்டில் தரையைவிட்டு எழும்பி எழும்பி விழுந்தது. கிடந்தவரிடமிருந்து அதுவரை கேட்காத ஒரு சத்தம் வந்தது. மனைவி கட்டிலின் மேல் கவிழ்ந்துகொண்டு, "நிறுத்துங்க, நிறுத்துங்க, செத்துடுவாரு" என்று அலறினார்.

மலைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏற்றத்தில் வண்டி திணறினால், யாரும் சொல்லாமலே எல்லோரும் இறங்கிவிடுவார்கள். ஆண்கள் பின்னாலிருந்து தள்ளுவார்கள், பெண்கள் நடந்து வந்து மேலே ஏறிக்கொள்வார்கள். பாரம் நிறைந்த வண்டிக்கு அது சரியான உதவி. நானும் பல முறை அப்படி இறங்கியிருக்கிறேன். அன்று முதலில் குதித்தவன் நான்தான். காலையில் பாய் சொன்னது என் சட்டைப்பையில், குறிப்பேட்டில் இருந்தது. அது நினைவுக்கு வரவில்லை. நான் குதித்ததைப் பார்த்து ஐந்து பேரும் குதித்தார்கள். மனைவியும் கட்டிலில் கிடந்தவரும் மட்டும் மேலே இருந்தார்கள்.

வண்டி முன்னைவிட இரண்டு மடங்கு குதித்தது.

"எவன்டா எறங்கச் சொன்னது? ஏறுங்கய்யா, ஏறித் தொலைங்க!"

பாயின் குரல் தெளிவாகக் கேட்டது. யாரும் ஏறவில்லை. ஐந்து பேரும் முழு பலத்தோடு தள்ளிக்கொண்டிருந்தார்கள். சக்கரங்கள் கல்லை வாரி எங்கள் முழங்காலில் அடித்தன. காலை எடுத்தால் வண்டி பின்னால் உருண்டு எங்கள்மேல் வரும் என்று பாய் பயந்திருக்க வேண்டும். அவர் காலை எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினார். வெடி வெடித்ததுபோல ஒரு சத்தம். எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் தண்டு இணைப்பில் முறிந்து தரையில் தொங்கியது. வண்டி ஒரு முழம் பின்னால் நழுவிப் பிரேக்கில் நின்றது. என் கைக்கடிகாரத்தில் மணி பன்னிரண்டு பத்து.

சத்தம் கேட்டு மறியல்காரர்கள் ஓடி வந்தார்கள். தலையில் துண்டு கட்டியிருந்த ஒருவர் கட்டிலை எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாய் இது? ஆஸ்பத்திரி கேஸுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மரத்த இழுத்து வுட்டுருப்போமே. காலையிலகூட ஒரு பிரசவ கேஸ வுட்டோம்."

பாய் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். முறிந்த தண்டைக் கழற்றி எறிந்துவிட்டால் முன் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். எட்டு நட்டு. இரண்டு துருப்பிடித்திருந்தன. மரங்களைச் சாய்க்க வைத்திருந்த வடக்கயிற்றை மறியல்காரர்கள் கொண்டுவந்து முன்னால் கட்டினார்கள். கட்டிலில் கிடந்தவர் இரண்டு முறை தண்ணீர் கேட்டார். கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். மனைவி துணியை நனைத்து உதட்டில் வைத்தார். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. நாற்பது பேர் கயிறு இழுக்க, கரைமேல் வந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார். நேரத்தோடு வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "இங்க அறுக்க வசதியில்ல. பாண்டிச்சேரிக்கு அனுப்பியிருப்பேன். அந்த ரோட்லயும் மரந்தான கெடக்கு? சொல்ல முடியாதுங்க" என்றார். மனைவி ஒன்றுதான் கேட்டார்: வண்டி இன்றைக்கே திரும்ப மலை ஏறுமா? முன் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி அந்த வளைவுகளில் ஏறாது. மறியல் முடியும்வரை உடல் ஆஸ்பத்திரியில் கிடந்தது. மனைவி வராந்தாவில் கிடந்தார்.

நான் ஐந்து வரி அனுப்பினேன். மறியலால் தாமதம், மலைவாசி சாவு என்று தலைப்பிட்டு வெளியிட்டார்கள். அதில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை.

பேப்பரை மடித்துக் கல்லாமேல் வைத்துக்கொண்டு பாய் எனக்காகக் காத்திருந்தார்.

"மரத்த வெட்டினத எழுதினீங்க. கயிறு குடுத்தத எழுதல. நீங்க எறங்கினத எழுதல."

"நீங்க மூட்டையை இறக்கினதையும் எழுதல" என்றேன்.

"எழுதியிருக்கலாமே. நானா வேணாம்னேன்?" என்றார்.

அடுத்த பருவத்தில் மீண்டும் அந்த வண்டியில் மலைக்குப் போனேன். புதுத் தண்டு போட்டிருந்தார். கூடுதல் பட்டை இரண்டையும் கழற்றிவிட்டிருந்தார். பின் ஆக்சிலுக்கு மேலே நான்கு மணல் மூட்டைகள், காலி வண்டியிலும் எப்போதும் கிடந்தன. கச்சிராயபாளையம் சந்தையில் சிலர் ஏறினார்கள். அவர்களில் இறந்தவரின் மனைவியும் இருந்தார். என்னை அடையாளம் கண்டு தலையசைத்தார்.

மூன்றாவது வளைவில் வண்டி இலேசாக நடுங்கியது. எல்லோரும் எழுந்தார்கள். ஒருவர் கதவின்மேல் காலைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

"எறங்காதீங்க! யாரும் எறங்கக் கூடாது. கனம் இருந்தாத்தான் ஏறும். எறங்கினா குதிக்கும்" என்று பாய் கத்தினார்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். வண்டி மெதுவாக வளைவைக் கடந்தது. அந்த மனைவி மணல் மூட்டைகளைப் பார்த்தார். பிறகு பாயின் முதுகைப் பார்த்தார்.

"அப்போ அன்னைக்கு?"

பாய் கியர் மாற்றினார்.

"நான்தாம்மா மொதல்ல குதிச்சேன்" என்றேன்.

"நிறுத்துங்க நிறுத்துங்கன்னு கத்தினது நானுங்க" என்றார் அவர்.

வண்டி வெள்ளிமலையில் போய் நின்றது. அங்கே எல்லோரும் இறங்கிய பிறகு அவர் கடைசியாக, கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். மணல் மூட்டைகள் வண்டியிலேயே இருந்தன.