மூணு லேபுக்கு ஒரு நடுக்கப் பெட்டி

அடுத்தவங்க கை நடுங்குறதை அளக்கிறதுதான் என் உத்தியோகம். இதை மாமனாருக்குப் புரியவைக்க என்னால கடைசிவரைக்கும் முடியலை. எண்பதுகளோட தொடக்கம் அது. மெட்ராஸ்ல பார்க்கின்சன் நோயை, அதாவது நடுக்குவாதத்தை, ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த மூணு லேபுக்கும் சேர்த்து ஒரே ஒரு மெஷின். கையில ஒயரை ஒட்டினா, நடுக்கத்தை ஒரு ஊசி காகிதச் சுருள்ல கோடா வரைஞ்சு காட்டும். மாசத்துக்கு ஒரு லேபுன்னு முறை. ஆபீஸ்ல ஒரே டைப்ரைட்டரை நாலு பேரோட பங்கு போட்டவங்க யாராவது இதைப் படிச்சா, என் வயித்தெரிச்சல் அவங்களுக்குப் புரியும்.

கூடைக்குப் பக்கத்துல

எங்க முறை வந்தா, அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு பழவேற்காட்டுக் குப்பங்களுக்குப் போவேன். நடுக்கம் உள்ளவங்களைத் தேடிப் பிடிச்சுப் பதியணும். ஜீப் எல்லாம் டாக்டருங்களுக்கு. எனக்குப் பொன்னேரி வழியா போற பஸ். திரும்பி வர்றப்ப பஸ் முழுக்க மீன் கூடை. கண்டக்டர் என் பெட்டியையும் கூடைங்க நடுவுல தள்ளிவிட்டுடுவார். இறால் தண்ணி ஒழுகி, பெட்டியோட உள்துணி வரைக்கும் ஊறிப்போச்சு. சாம்பிராணி எல்லாம் போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் நடக்கலை. எங்களுக்கு அடுத்த முறை எடுக்கிற லேபுல என்னை மாதிரியே மெஷினை ஓட்டுற சீனிவாசன் சுத்த சைவம். மூடியைத் திறந்தவர், கைக்குட்டையால மூக்கைப் பொத்திக்கிட்டு நிதானமா சொன்னார்: "மெஷின் பொதுதான் சார். நாத்தத்தையும் பொதுவாக்கணுமா?"

சும்மா இருந்தா ஆடும்

கோட்டைக்குப்பத்துல ஏழுமலைன்னு ஒரு மீனவர். மடியில கிடக்கிற வலது கை, பீடி சுருட்டுற மாதிரி ஓயாம ஆடும். வலையைப் பிடிச்சா நின்னுடும். இந்த நோயோட குணமே அதுதான். ஆனா ஊர் அதை நம்புமா? வேலை செய்யறப்ப ஆடாத கை, உட்கார்ந்தா மட்டும் ஆடுதுன்னா அது குடிதான்னு முடிவு கட்டிட்டாங்க.

அங்கே ஏரியில மீன் நல்லா விழுற இடங்கள்ல வலை போட முறை உண்டு. இன்னிக்கு இவங்க, நாளைக்கு அவங்க. அதுக்குப் 'பாடு'ன்னு பேரு. குடிகாரனை நம்பி யாரு கூட வலை இழுக்கிறதுன்னு, ஏழுமலை பேரைப் பாடு வரிசையிலேர்ந்து எடுத்துடப் பேச்சு. அமாவாசைக் கூட்டத்துல முடிவு. பாடு போச்சுன்னா அந்த வீட்டுல அடுப்பு எரியாது. எனக்கு மனசு கேட்கலை. எங்க லேபு டாக்டரே நோய்தான்னு சொல்லிட்டாரே, போதாதான்னு ஊர்த் தலைவர்கிட்ட கேட்டேன். அவர் சொன்னார்: "டாக்டரும் வாயால சொல்றாரு, இவனும் வாயாலதான் குடிக்கலைன்றான். கண்ணால காட்டு சார், ஒத்துக்கிறோம்."

முறை மாத்து

கண்ணால காட்ட மெஷின் வேணுமே! அமாவாசைக்கு அது சீனிவாசன்கிட்ட போயிருக்கும். தயங்கித் தயங்கி இதை ஏழுமலைகிட்ட சொன்னேன். "இதுல இன்னா சார் கீது? எனுக்கு முடியலைன்னா என் நாளை பக்கத்து ஆளாண்ட குடுத்துட்டு, அவன் நாளை நான் வாங்கிக்குவேன். உங்க ஊர்ல அது கெடையாதா?"ன்னார்.

எங்க ஊர்ல அது கிடையாது. மூணு லேபுக்கும் நடுவுல சரியான பேச்சுவார்த்தையே கிடையாது. வெட்கத்தை விட்டு சீனிவாசன்கிட்ட போய், ஏழுமலை கதையை முழுக்கச் சொன்னேன். என் அடுத்த முறையை நீங்களே எடுத்துக்குங்க, இந்த மாசத்தை விட்டுக்கொடுங்கன்னேன். மனுஷன் சரின்னு தலையை ஆட்டினார். "எடுத்துட்டுப் போங்க. வர்றப்ப மட்டும் ஜன்னலோரமா உட்கார்ந்து மடியில வெச்சுக்குங்க."

ஊர் பார்த்த கோடு

அமாவாசையன்னிக்கு கோயில் எதிர்ல, கார் பேட்டரியில மெஷினை ஓடவிட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க, குடிக்கிறவர் ஒருத்தர் வேணும்னு கேட்டேன். கூட்டம் மொத்தமா கன்னியப்பனைத் திரும்பிப் பார்த்துச்சு. கரையில படகு இழுத்துத் தர்றவர். அவருக்குப் பாடும் கிடையாது, கூச்சமும் கிடையாது; சிரிச்சுக்கிட்டே வந்து உட்கார்ந்தார். கை மடியில இருக்கிறப்ப அவர் கோடு நேரா ஓடுச்சு. வலையைப் பிடிச்சு நீட்டினதும் கிறுக்கித் தள்ளுச்சு. ஏழுமலைக்கு அப்படியே நேர்மாறு. மடியில கிடந்தா அலை அலையா கோடு; வலையை இழுத்துப் பிடிச்சதும் அடங்கிடுச்சு.

தலைவர் குனிஞ்சு ரெண்டு காகிதத்தையும் பார்த்தார். டாக்டர் குடுக்கிற மாத்திரையைச் சாப்பிடட்டும், பாடு அவனுக்குத்தான்னு சொல்லிட்டு எழுந்து போனார். கூட்டம் கலைஞ்சுச்சு. ஏழுமலை மனைவி சரோஜா மட்டும் போகலை. ஒயரெல்லாம் கழட்டின பிறகு, ஆடிக்கிட்டிருந்த அந்தக் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. "தெனம் சாயங்காலம் இந்த ஆளு வாயை மோந்து பார்த்தேன் சார். ஒரு நாளாவது இந்தக் கையைப் புடிச்சிப் பார்த்தேனா?"

ஜன்னலோரமா மடியில வெச்சுக் கொண்டுவந்தும் பெட்டியோட மீன் வாசனை போகவே இல்லை, ஆனா அதுக்கப்புறம் சீனிவாசன் மூக்கைப் பொத்தறதை விட்டுட்டு, தன் முறை முடிஞ்சு பெட்டியை அனுப்புறப்பெல்லாம் உள்ளே எங்களுக்குன்னு ரெண்டு ஊதுபத்தி போட்டு அனுப்ப ஆரம்பிச்சார்.