மூச்சுப்பைக்கு வைத்த பொட்டு

வாழையிலையின் நடுவில் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் ஜீப் சாவி, இன்னொரு பக்கம் தட்டச்சு இயந்திரம், பின்னால் ஊசி வேகவைக்கும் பாத்திரம். நடுவில், மாங்காய் அளவில் ஒரு கறுப்பு ரப்பர் பை, கழுத்தில் சாமந்திச் சரத்தோடு. பிறந்த குழந்தையின் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவதற்காக அதன் முனையில் இருந்த சின்ன மூடி அண்ணாந்து கிடந்தது. ஆயுத பூஜை போட்டவர்களின் கண்ணுக்கு அது சந்தனக் கிண்ணமாகத் தெரிந்திருக்கிறது. வழிய வழியச் சந்தனத்தைக் குழைத்து ஊற்றி, மேலே குங்குமம் வைத்துவிட்டார்கள்.

தொண்ணூறுகளில், சூலூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் நான் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். அங்கே பிரசவம் பார்த்தவரைப் பெரிய சிஸ்டர் என்போம். அழாமல் பிறக்கும் குழந்தைகளின் வாயில் துணி வைத்து அவர் ஊதிக்கொண்டிருந்த காலம் அது. பிறகு கோயமுத்தூரில் ஒரு பயிற்சிக்குப் போனபோது இந்த மூச்சுப்பையைக் கொடுத்தார்கள். காந்திபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில், கூட்டத்தில் நசுங்கிவிடக் கூடாது என்று மடியில் அணைத்தபடியே கொண்டு வந்தார். அதன் கழுத்துக்குள் மெல்லிய இரண்டு ரப்பர் இதழ்கள் இருந்தன. பையை அமுக்கினால் அவை திறந்து காற்றை விடும். என்னைக் கூப்பிட்டு என் கன்னத்தில் அந்தக் காற்றை அடித்துக் காட்டி, குழந்தை மாதிரிச் சிரித்தார். பை வந்த சில நாளிலேயே, நீலம் பாரித்துப் பிறந்த ஓர் ஆண் குழந்தையை அந்தப் பையால் அழவைத்தார். "அழு கண்ணு, நல்லா அழு" என்று அவர் கெஞ்சியது வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. அன்றிலிருந்து அந்தப் பைக்கு ஊருக்குள் ஏக மரியாதை. அந்த மரியாதைதான் அதைக் கொண்டுபோய் வாழையிலையில் நிறுத்தியது.

பூஜையை முன்னின்று நடத்தியவர் எங்கள் மருந்தாளுநர். பக்திமான், நல்ல மனிதர். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன், பல்லைக் கடித்துக்கொண்டு. என் மைக்ராஸ்கோப்பின் லென்ஸில் பொட்டு வைக்க வந்தபோது அவர் கையைத் தட்டிவிட்டேன். "உங்களுக்கு எப்பவும் கோவந்தானுங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் தட்டிவிடலாம், நான் அவர்கள் ஆள். பெரிய சிஸ்டர் கிறிஸ்தவர். அவருடைய தகப்பனார் அதே ஊர்த் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர். சந்தனம் வழிவதைப் பார்த்து அவர் முகம் சுருங்கியதைக் கவனித்து, "எடுத்துக் கழுவுங்க சிஸ்டர்" என்றேன். "நான் எடுத்தா அது வேற மாதிரி ஆயிருமுங்க தம்பி" என்றார்.

மறுநாள் விஜயதசமி. காலையிலேயே தறி ஓட்டுபவர் ஒருவர் வலி கண்ட மனைவியைக் கூட்டி வந்தார். சிஸ்டர் நேராகப் பூஜை நடந்த இடத்துக்குப் போய்ப் பையைக் கேட்டார். "சாமிகிட்ட வெச்சதுங்க சிஸ்டர். டாக்டர் வந்து மறுபூசை ஆவட்டுங்க, அப்பறம் எடுத்துக்கலாம். அதுக்குள்ள ஒண்ணும் ஆயிராதுங்க" என்றார் மருந்தாளுநர், அத்தனை பணிவாக. சிஸ்டர் திரும்பிவிட்டார்.

டாக்டர் வருவதற்குள் குழந்தை வந்துவிட்டது. சத்தமே இல்லை. ஆயா ஓடி வந்து யாரையும் கேட்காமல் பையைப் பறித்துக்கொண்டு போனாள். பின்னாலேயே நானும் ஓடினேன். கதவு திறந்தே கிடந்தது. சிஸ்டர் முந்தானையால் மூடியைத் துடைத்து, குழந்தையின் முகத்தில் வைத்து அமுக்கினார். பை கல்லாக நின்றது. இரவெல்லாம் காய்ந்த சந்தனம் உள்ளே இறங்கி இரண்டு இதழ்களையும் ஒட்டிவைத்திருந்தது. அதை வீசிவிட்டு வாயை வைத்து ஊதினார். அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்கியது, பிறகு ஏறவில்லை. குழந்தையின் ஈரக் கன்னத்தில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. அதைத் துடைத்துவிட்டுத்தான் தாயிடம் கொடுத்தார். அந்தப் பெண் ஏறிட்டு, "ஏனுங்க சிஸ்டர், அழவே இல்லீங்களே?" என்று கேட்டாள். எனக்கு இன்றும் அந்தக் குரல் மறக்கவில்லை.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். எங்கள் பக்கத்தில் ஆளைக் கொன்றாலும் 'ங்க' போட்டுத்தான் கொல்வோம். மருந்தாளுநர், "சிஸ்டர் தங்கமானவங்க. ஆனா சாமானச் சரிபாக்கறது அவிங்க பொறுப்புங்களே" என்றார். மறுபூஜைப் பேச்சு நினைவில்லை என்றார். நான் பையைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, சந்தனத்தை நகத்தால் சுரண்டியே காட்டினேன். அதிகாரி முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சந்தனம் கிந்தனம்னு எதுக்குங்க எழுதிட்டு? ஊர்ல பிரச்சினையாயிரும். தூசின்னு இருக்கட்டுங்க." நான் கத்தினேன். காப்பி வரவழைத்துக் கொடுத்தார்கள்.

தூசி படிய விட்டதற்காகப் பெரிய சிஸ்டரை வால்பாறைப் பக்கம் மாற்றினார்கள். அவர் போன பிறகு ஊரில் வேறு பேச்சு கிளம்பியது: அவருக்கு நம் சாமி மேல் நம்பிக்கையில்லையாம், அதனால்தான் அப்படி ஆயிற்றாம். வருடங்கள் கழித்துக் காந்திபுரம் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. வால்பாறையில் அவர் இருக்கும் ஆஸ்பத்திரியிலும் ஒரு மூச்சுப்பை இருக்கிறதாம். "ஆயுத பூசை வந்தா அதத் துணியில சுத்தி ஊட்டுக்குக் கொண்டு போயிருவனுங்க தம்பி. அங்கயும் என்னையத் திமிர் புடிச்சவன்னுதான் சொல்றாங்க. சொல்லிட்டுப் போறாங்க" என்றார். பஸ் வந்ததும் ஏறிவிட்டார். அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை.

போன விஜயதசமியன்று கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் மகளுக்குப் பிரசவம். வாசலெல்லாம் வாழைக்கன்று, லிஃப்ட்டில்கூட மாலை. பிரசவ அறைக்குள் ஒரு தள்ளுவண்டி போயிற்று. அதன் மேல் கண்ணாடி போலத் தெளிந்த புது மூச்சுப்பை. வண்டியைப் பிடித்து நிறுத்தினேன். பையை வெளிச்சத்தில் தூக்கி மூடிக்குள் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அமுக்கினேன், காற்று வந்தது. பொட்டு வெளியே, பையின் வயிற்றில்தான் இருந்தது. அதனால் ஒரு கெடுதலும் வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கைக்குட்டையை எடுத்து, துளி மிச்சமில்லாமல் துடைத்தேன்.

"ஏனுங்கப்பா, சாமிப் பொட்டுங்களே, அத எதுக்குங்க அழிக்கறீங்க?" என்றாள் அந்த இளம் நர்ஸ், பதறிப்போய்.

"தூசிங்க, அம்மணி" என்றேன்.