சிவப்பு வரிகளைப் படிக்க வைத்தவள்

அம்மா போய் ஐந்து வாரம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அவளைப் பொறுமைசாலி என்றார்கள். இல்லை. யாராவது புரியாமல் பேசினால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் வேலை பார்த்தது, நோயாளிக்கு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் பம்ப் செய்கிற கம்பெனியில். அங்கே புகார் பிரிவில் பதினோரு வருடம் போன் எடுத்தாள். மாலை வகுப்பில் படித்து, நாற்பத்து மூன்றாம் வயதில் அங்கேயே மென்பொருள் டெஸ்டர் ஆனாள்.

பம்பின் புரோகிராமில் கை வைக்கும்போதெல்லாம் அறுநூறு சோதனைகள் தானாக ஓடும். ஒன்று தோற்றாலும் திரையில் மூவாயிரம் வரி சிவப்பாகக் கொட்டும். நடுவில் எங்கோ, 'உண்மை வர வேண்டும், பொய் வந்தது' என்று ஒரு வரி. எது உண்மை, எது பொய் என்று இருக்காது. யாரும் படிப்பதில்லை. மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். பச்சை வந்தால் வீட்டுக்குப் போவார்கள்.

"போன்ல ஒருத்தர் இப்படிப் பேசினா நான் வெச்சிடுவேன்" என்றாள் அம்மா.

டீம் லீட் அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். "அப்ப நீங்களே மாத்துங்கக்கா. புது பம்ப் வெளியீட்டுக்கு நாலு வாரம் இருக்கு. அதுக்குள்ள புரோகிராம் எழுதுற பசங்க படிக்க ஆரம்பிச்சா இங்கயே இருங்க. இல்லன்னா புகார் பிரிவுல ஆள் கேக்குறாங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஒவ்வொரு தோல்வியையும் மூன்று வரியாக்கினாள்: என்ன செய்தோம், என்ன வர வேண்டும், என்ன வந்தது. அச்சடித்து அப்பாவிடம் நீட்டுவாள். அப்பா சாவி வெட்டுபவர், கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. அவருக்குப் புரிந்தால்தான் அது தேறியது.

"மணிக்கு அஞ்சு மில்லி கேட்டோம். அஞ்சு வரணும். அம்பது வந்தது. அய்யய்யோ, ஆளையே முடிச்சிடுவீங்க போலிருக்கே!"

"தேறிடுச்சு. அடுத்தது."

"மதிப்பு வரம்பை மீறியது. யாரோட மதிப்பு? உன்னோடதா, என்னோடதா?"

"உங்களுக்கு எங்க இருக்கு மீற? குடுங்க இப்படி." அடித்துத் திருத்துவாள்.

மூன்றாம் வாரம் பையன்கள் படிக்கத் தொடங்கினார்கள். நான்காம் வாரம் எனக்குப் போன் செய்தாள். நான் வேறு ஊரில், அதே தொழிலில் இருந்தேன்.

ஒரே சோதனையில் பல தோல்விகள் வந்தால் முதலாவதை மட்டும் காட்டும்படி வைத்திருந்தாள், கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று. ஒரு சோதனையில் அந்த முதல் தோல்வி அற்பம்: திரையில் ஓர் எழுத்து தள்ளி நின்றது. பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். அதன் பின்னால், பேட்டரி தீரும்போது அலாரம் அடிக்காத பிழை ஆறு நாள் மறைந்து கிடந்திருக்கிறது. பழைய முழுப் பதிவைத் திறந்தபோது அவளே கண்டாள்.

"சத்தமில்லாம திருத்திடும்மா. பம்ப் இன்னும் வெளிய போகலையே. யாருக்குத் தெரியப்போகுது?"

"யோசனை கேக்கலடி. பயமா இருந்துச்சு, அதான் கூப்பிட்டேன்."

அப்போதும் நான் எந்தக் கோப்பில் எதை மாற்றுவது என்று சொல்லிக்கொண்டே போனேன். 'ம்' கொட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் எல்லாருக்கும் மெயில் போட்டாள். 'முதல் தோல்வியை மட்டும் காட்டும்படி வைத்தேன். எல்லாமே தெரிந்திருக்க வேண்டும். அலாரப் பிழை ஆறு நாள் மறைந்து கிடந்தது.' கீழே தன் பெயர்.

டீம் லீட் அவள் மேசைக்கு வந்து நின்றார். "பசங்க படிச்சிட்டாங்கக்கா. கடைசி வரி வரைக்கும். அலாரத்தைத்தான் இப்ப பாத்துக்கிட்டிருக்காங்க." கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பினார். "மொத்தம் எத்தனை தோல்வின்னு மேலயே போட்டுடுங்க. புகார் பிரிவுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லிடறேன்."

மதியம் எனக்குச் செய்தி வந்தது. 'இங்கயே இருக்கச் சொல்லிட்டாங்க. அப்பா கடையைப் பூட்டிட்டு ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கிறார்.'

நான் மீட்டிங்கில் இருந்தேன். 'சரிம்மா' என்று அனுப்பினேன். இன்னும் ஒரு வரி எழுத நேரம் இருந்தது.