கார் ஷெட்டுக்கு ஒரு எர்த் குழி

பழி வாங்கினேன் என்று எழுத எனக்குக் கூச்சமில்லை. எண்பதுகளின் நடுவில், குற்றாலத்தில், ஒரு வீட்டுக் கார் ஷெட் வாசலில் வைத்துத்தான் வாங்கினேன்.

வயரிங்கை நான் பழுதான ஃபேன்களைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டவன். லைசென்ஸ் வைத்திருந்த காண்ட்ராக்டர் ஒருவரிடம் வேலைக்கு இருந்தேன். அந்த வீட்டு அம்மாவுக்குச் சிங்கப்பூரிலிருந்து மகன் ஒரு மோட்டார் அனுப்பியிருந்தான். பொத்தானை அழுத்தினால் கார் ஷெட்டின் இரும்பு ஷட்டர் தானே ஏறும், தானே இறங்கும். அக்கம்பக்கத்தில் யாரும் அப்படியொன்றைப் பார்த்ததில்லை.

இரும்புக் கதவில் மோட்டார் மாட்டினால் எர்த் சரியாக இருக்க வேண்டும். கரண்ட் கசிந்தால் ஆள் உடம்பைத் தேடாமல் மண்ணுக்குள் இறங்கிவிட ஒரு வழி வேண்டுமே. காண்ட்ராக்டர் ஷெட் ஓரத்தில் இரண்டடிக் கம்பியை அடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

"அண்ணாச்சி, குழி தோண்டிக் கரியும் உப்பும் போட வேண்டாமா?"

"சாரல் விழுத மண்ணுலே இது. வருசம் பூரா ஈரம். எனக்கே பாடம் சொல்லுதியோ?"

குற்றாலத்துக்காரர்கள் மட்டுமே செய்கிற தப்பு இது. மேலே நனைந்திருந்தால் அடியிலும் ஈரம் என்று நம்பிவிடுவார்கள். அங்கே இரண்டடிக்குக் கீழே முழுப் பாறை.

ஆனி பிறந்து சாரல் இறங்கியதும் மோட்டாருக்குள் ஈரம் புகுந்தது. ஷட்டரைத் தொட்ட அந்த வீட்டு டிரைவர் தூக்கி எறியப்பட்டார். உயிர் தப்பியது பெரிய காரியம். காண்ட்ராக்டர் என்னைக் கைகாட்டினார். வேலையை விட்டு நிறுத்தியதோடு போகாமல், மேலகரம் டீக்கடையில் நாலு பேர் நடுவில், "அவன் கைபட்ட வயரெல்லாம் பாம்புவே" என்றும் சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல் எனக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்விட்டது. தென்காசியிலிருந்து இலத்தூர் வரை பல்பு மாட்டக்கூட யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் அவரை நினைக்காமல் சோற்றில் கை வைத்த நாள் கிடையாது.

ஆவணியில் அந்த டிரைவரே தேடி வந்தார். புளியறைக்காரர், வாய் நிறையப் பேச்சு.

"காண்ட்ராக்டரு ரெண்டு தடவை வயரை மாத்திட்டாரு, இன்னும் அடிக்குது தம்பி. நான் மூங்கில் கம்பால பொத்தானைக் குத்திட்டு, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி எட்டி நிக்கேன். அம்மா உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாவ."

போனேன். முதலில் ஒரு பல்பை எடுத்து, ஒரு வயரைக் கரண்ட் லைனிலும் மறுவயரை அந்தக் கம்பியிலும் வைத்து அம்மாவுக்குக் காட்டினேன். எர்த் நன்றாக இருந்தால் பல்பு முழுசாக எரிய வேண்டும். இது பீடி நுனி மாதிரி சிவந்து நின்றது. பிறகு மெயினை அணைத்து, ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நான் வேலை செய்யும்போது வேறு யாரும் கரண்ட்டைப் போட்டுவிடக் கூடாதல்லவா. பாறை இல்லாத வாழைத் தோட்டப் பக்கம் எட்டடிக் குழி தோண்டினோம். குழாயை நிறுத்தி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் ஊற்றி, கெட்டிக் கம்பியை மோட்டாருக்கும் ஷட்டர் சட்டத்துக்கும் கொண்டுபோனேன். மோட்டாரைக் காயவைத்து, வயர் நுழைகிற ஓட்டையை ரப்பர் வைத்து அடைத்தேன். ஃபியூஸைத் திரும்ப மாட்டி, மறுவயரைப் புதுக் குழாயில் வைத்தேன்; இப்போது பல்பு பளிச்சென்று எரிந்தது.

"காண்ட்ராக்டருக்குத் தெரிய வேண்டாம்மா" என்றேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுதேன். நானும் பாக்கணும்" என்றார்.

ஞாயிறு காலை வந்த காண்ட்ராக்டர், என்னைக் கண்டதும் முகம் சுளித்தார். அம்மா கேட்டார்: "கதவு சரியாயிட்டா?"

"அன்னைக்கே நான் சரியாக்கிட்டேன்மா. இனி பச்சப் புள்ள தொடலாம்."

"அப்போ செருப்பைக் கழத்திட்டு ஒரு கை வையுங்க அண்ணாச்சி" என்றேன்.

"காலு ஈரமா இருக்குலே."

"குற்றாலத்துல காஞ்ச காலு ஏது அண்ணாச்சி?" என்றார் டிரைவர்.

காண்ட்ராக்டர் கையை நீட்டவில்லை. சட்டைக் காலருக்குள் வியர்வை இறங்கியது. அந்தக் கதவு அடிக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் பச்சப் புள்ள தொடலாம் என்றார். அதை அந்த அம்மா பார்க்கட்டும் என்று நான் ஒதுங்கி நின்றேன். பிறகு வாசலில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, வெறுங்காலோடு அதில் நின்று, பொத்தானை அழுத்தி, ஏறுகிற ஷட்டரில் இரண்டு உள்ளங்கையையும் பதித்தேன்.

"இனிமே நீங்க இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம்" என்றார் அம்மா அவரிடம்.

எனக்கு அது போதவில்லை. "டீக்கடைக்கு வாங்க அண்ணாச்சி. சொன்ன இடத்துல வந்து மாத்திச் சொல்லுங்க. இல்லன்னா பாறைமேல அடிச்ச அந்தக் கம்பியைப் பிடுங்கி ஒவ்வொரு வீடாக் கொண்டு காட்டுவேன்" என்றேன்.

வந்தார். டீக்கடைக்காரரைப் பார்த்து, தப்பு தன்னுடையதுதான், பையன் மேல் குற்றமில்லை என்று முணுமுணுத்தார். நான் எதிர் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"கேக்கல அண்ணாச்சி" என்றேன்.

இன்னொரு தடவை சொன்னார். அப்போதும் கேட்கவில்லை என்றேன்.