மருந்து போடாத தண்ணீர்

எங்கள் ஊரில் கட்சி பேதம் பார்க்காமல் எல்லோரும் ஒற்றுமையாகச் செய்த காரியம் ஒன்று உண்டென்றால், அது குழாய்த் தண்ணீரைத் திட்டுவதுதான். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகராட்சி. ஆண்களில் பாதிப்பேர் கம்பெனி ஷிப்டுக்குப் போய்விடுவார்கள். தெருக்குழாயில் தண்ணீர் வந்ததும் பெண்கள் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்ப்பார்கள். "இன்னா இது, ஆஸ்பத்திரி வாடை அடிக்குது" என்று முகம் சுளித்துவிட்டுத்தான் குடத்தை வைப்பார்கள். அந்தத் திட்டெல்லாம் போய்ச் சேருகிற இடம் என் தாய்மாமா.

மாமாவுக்கு நகராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் வேலை. ஊர்க் கிணற்றிலிருந்து மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவார். ப்ளீச்சிங் பவுடரை பக்கெட்டில் கரைத்து, தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றுவார். ஊரில் அதற்கு மருந்து என்று பெயர். பிறகு சைக்கிளில் போய் ஒவ்வொரு தெருவாக வால்வைத் திறப்பார். கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். அவர் சட்டை, துண்டு, விரல் எல்லாவற்றிலும் அந்த வாடை உண்டு. எனக்கு அது பிடிக்கும்.

சித்திக்குத்தான் பிடிக்கவில்லை. வளைகாப்பு முடிந்து மீஞ்சூரிலிருந்து பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மாவைப் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டதால், கடைக்குட்டியான அவளுக்குத் தாய்வீடு எங்கள் வீடுதான். மசக்கை மூன்று மாதத்தோடு விட்டுவிடும் என்பார்கள். சித்தியை அது விடுவதாக இல்லை. குழாய்த் தண்ணீரை வாயில் வைத்தாலே குமட்டிக்கொண்டு கொல்லைக்கு ஓடுவாள். காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தால், "இதுல ருசியே இல்லக்கா" என்று தள்ளிவிடுவாள். கேன் தண்ணீர் வாங்கலாம் என்று அம்மா சொன்னாள்.

"அத எவன் எங்க புடிக்கிறான்னு எனக்குத்தான் தெரியும். அது வாணாம்" என்றார் மாமா.

மறுநாள் சைக்கிள் கேரியரில் ஒரு குடம் தண்ணீரைக் கட்டிக்கொண்டு வந்தார். வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கைகாலை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் தங்கையிடம் போனார். அம்மாவும் பக்கத்தில் இருந்தாள்.

"அதே கெணத்துத் தண்ணிதான்க்கா. தொட்டிக்கு ஏத்தறதுக்கு முன்னாடியே புடிச்சினு வந்துட்டேன். சின்ன வயசுல நாம இதத்தான குடிச்சோம்? குடி பாப்பா."

சித்தி ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். "இளநீ மாதிரி கீதுண்ணா" என்றாள். மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஊருக்கே தண்ணீர் கொடுத்து ஒரு நல்ல வார்த்தை கேட்டறியாத மனிதருக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர். தட்டுப் போட்டு மூடிய குடம் சித்திக்கு. நான் ஒருநாள் டம்ளரோடு போனபோது அம்மா கையிலேயே ஒன்று வைத்தாள். "அது புள்ளத்தாச்சிக்கு. நீ போயி கொழா தண்ணி குடி" என்றாள். இந்த ஓரவஞ்சனையை நினைத்து நினைத்து நான் உம்மென்று இருந்தேன்.

ஐப்பசி மழை அந்த வருஷம் அடித்து ஊற்றியது. கிணற்றைச் சுற்றிச் சாக்கடையும் மழைத்தண்ணீரும் ஒன்றாகத் தேங்கி நின்றன. மாமா ஊருக்காகத் தொட்டியில் மருந்தைக் கூட்டினார். தங்கையின் குடத்துக்கு மட்டும் வெள்ளை வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டினார். பார்வைக்கு அது சுத்தமாகத்தான் இருந்தது.

கார்த்திகையில் சித்திக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணும் நகமும் மஞ்சளாயின. அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். பிறகு திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சித்தியும் திரும்பி வரவில்லை, வயிற்றில் இருந்ததும் வரவில்லை. கெட்ட தண்ணீரால் வருகிற காமாலை, பிள்ளைத்தாய்ச்சிகளிடம்தான் அதற்கு மூர்க்கம் அதிகம் என்று மாமாவிடம் டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு வெகு நாளைக்கப்புறம்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அன்று சித்தி எனக்குப் பின்னிவிட்ட ஜடையை அவிழ்க்க மாட்டேன் என்று அடம்பிடித்து அழுதது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கருமாதி மீஞ்சூரில் முடிந்தது. சில நாள் கழித்து, சித்தியின் துணிமணிகளை எடுத்துப்போக சித்தப்பா வந்தார். மொட்டைத் தலையோடு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அம்மா பையைக் கொண்டுவந்து வைப்பதற்குள் தெருவே வாசலில் கூடிவிட்டது. கோடி வீட்டுக்காரர்தான் பேசினார்.

"தம்பி, அந்தப் பவுடருதான் உன் பொண்டாட்டி ஈரல தின்னுட்ச்சு. நாங்க சொன்னா நகராட்சியில எவனும் கேக்க மாட்டான். பறிகொடுத்தவன் நீ வந்து சொன்னின்னா நிறுத்தித்தான் ஆவணும். கெளம்பு, ஆபீசுக்குப் போலாம்."

சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். எல்லோரும் மாமாவை முறைத்தார்கள். சுவரில் சாய்ந்து நின்றிருந்த மாமா வாசற்படியில் வந்து வழியை மறித்தார்.

"அவ அந்த மருந்துத் தண்ணிய ஒரு வாய்கூட குடிக்கல மாப்ள. வாடை ஆவலன்னு நான்தான் மருந்து போடாத தண்ணிய கொண்ணாந்து குடுத்தேன். அதுலதான் செத்தா. நிறுத்தாதீங்க."

அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு மாமாவையே பார்த்தாள். தினமும் அந்தக் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தவள் அவள்தான். சித்தப்பா மாமாவை அடித்துவிடுவார் என்று பயந்தேன். அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, பையைக்கூட எடுக்காமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். கூட்டம் தானாகக் கலைந்தது. மாமா தொட்டிக்கு மருந்து ஊற்றப் போனார்.

சித்தப்பா அதற்கப்புறம் எங்கள் வாசலை மிதிக்கவேயில்லை. அம்மா மாமாவுக்குச் சோறு போட்டாள், ஆனால் முகம் பார்த்துப் போடவில்லை. எனக்கு மாமா மேல்தான் ஆத்திரம். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பழி பவுடரோடு போயிருக்கும், சித்தப்பாவும் வந்துபோய்க்கொண்டிருப்பார். இது கூடவா ஒரு பெரிய மனிதருக்குத் தெரியாது என்று நினைத்தேன். எங்கள் தெருவில் அப்போது இன்னும் இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகள் இருந்தார்கள். அவர்களை நான் நினைக்கவே இல்லை.